கடைசி 50 மில்லிகிராம்: நாள்பட்ட முதுகுவலிக்கான டிராமடாலைக் குறைத்து நிறுத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் நோயாளி தனி ஒருவரல்லர். நாள்பட்ட முதுகுவலிக்காக டிராமடால் என்ற ஓபியாய்டு (அபினைப் போல வேலை செய்யும்) வலிமருந்தை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைகளை ஒருவரின் சிகிச்சைப் பதிவாகக் கோத்திருக்கிறோம். மருந்தளவுகள் இந்த ஒரு நிலைக்கு வகுத்தவை. வலிப்பு, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலே கணக்கு முழுதும் மாறிவிடும். எனவே கையிலிருக்கும் மாத்திரையை இதைப் பார்த்துக் குறைக்க வேண்டாம். மருந்து எழுதித் தருபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இதைப் பயன்படுத்துங்கள்.

பின்னணி

47 வயது ஆண். நாள் முழுதும் உட்கார்ந்தே செய்யும் வேலை. ஆறு ஆண்டுகளாக இடுப்புவலி. எம்.ஆர்.ஐ. படத்தில் கீழ் முதுகின் கடைசி இரண்டு டிஸ்க்குகளிலும் லேசான பிதுக்கம். நரம்பு வேர் நசுங்கவில்லை. அறுவை சிகிச்சைக்குத் தேவையில்லை என்று முன்பே முடிவாகியிருந்தது.

டிராமடால் தொடங்கி மூன்று ஆண்டுகள். முதலில் 50 மி.கி. கேப்சூல், வலி தாங்காத நாளில் மட்டும். பிறகு அது தினமும் ஆனது. இரண்டாம் ஆண்டில் மெல்லக் கரையும் 100 மி.கி. மாத்திரை காலையும் இரவும். அதற்கு மேல் "இடையில் வலித்தால்" என்று எழுதப்பட்ட 50 மி.கி. கேப்சூல் நாளுக்கு மூன்று. ஆக, நாளொன்றுக்கு 350 மி.கி. பெரியவர்களுக்கான உச்ச வரம்பு 400 மி.கி. என்பதால் இது அனுமதிக்கப்பட்ட அளவுதான். யாரும் விதி மீறவில்லை. அவரும் சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு கேப்சூல்கூட எடுக்கவில்லை. இரவில் ப்ரீகாபலின் என்ற நரம்புவலி மருந்து 75 மி.கி.யும் இருந்தது.

இவ்வளவு மருந்திலும் வலி பத்துக்கு 6 அல்லது 7. தொடர்ந்து நடக்க முடிந்தது 12 நிமிடம். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "இந்த மருந்து இல்லையென்றால் என்னால் எழுந்திருக்கவே முடியாது" என்று அவர் உறுதியாக நம்பினார். மருந்தோடும் அவர் பெரிதாக எழுந்திருக்கவில்லை என்பதை எழுதிப் பார்க்கும்வரை அவருக்கே தெரியவில்லை. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாள்பட்ட முதுகுவலியோ இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மான வலியோ உள்ள 240 பேர் 12 மாதம் கண்காணிக்கப்பட்டனர். ஓபியாய்டு எடுத்தவர்களின் அன்றாடச் செயல்பாடு மற்ற வலிமருந்து எடுத்தவர்களைவிட மேம்படவில்லை. இவருடைய மூன்றாண்டும் அதையேதான் காட்டியது.

திடீர் நிறுத்தம்: முதல் 70 மணி நேரம்

ஓபியாய்டு பழக்கத்தைப் பற்றிய ஒரு செய்தியைப் படித்துப் பயந்துபோய், ஒரு நாள் இரவு 9 மணி மாத்திரையோடு டிராமடாலை மொத்தமாக நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஏறத்தாழ 14 மணி நேரத்தில் கொட்டாவி அடுக்கடுக்காக வந்தது. மூக்கு ஒழுகியது, கண் நீர் கோத்தது. சளி பிடிக்கிறது என்று நினைத்தார். அன்றிரவு காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. உதறிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு, வியர்வை, எலும்புக்குள் குடைவது போன்ற வலி. இடுப்புவலி 9 என்று எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள் இன்னொன்று சேர்ந்தது: தலையைத் திருப்பினால் மூளைக்குள் மின்சாரம் சுண்டுவது போன்ற அதிர்ச்சி, உள்ளங்கைகளில் ஊறல், காரணமே இல்லாத பெரும் பீதி.

முதலில் போன இடத்தில் வைரஸ் காய்ச்சல் என்றும் இடுப்புப் பிடிப்பு என்றும் சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். சிறுநீரில் ஓபியேட் சோதனை செய்ததில் "இல்லை" என்று வந்ததால், மருந்து நிறுத்தியதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். இந்தத் தவறு எளிதில் நடக்கக்கூடியது. வழக்கமான ஓபியேட் பட்டைச் சோதனை மார்ஃபின் குடும்பத்தைத் தேடுவது. செயற்கையாகத் தயாரிக்கப்படும் டிராமடால் அதில் அகப்படாது. தினமும் டிராமடால் சாப்பிடுகிறவருக்கும் அந்தப் பட்டை "இல்லை" என்றே காட்டும். நோயாளியிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

பரிசோதனை

70ஆம் மணியில் நாடித்துடிப்பு 104, ரத்த அழுத்தம் 148/92, உடல் வெப்பம் 37.2 டிகிரி செல்சியஸ். பழகிய ஓபியாய்டு நின்றதும் உடலில் எழும் 'விடுபடல்' அறிகுறிகளை அளக்க 'கௌஸ்' என்ற 11 அம்ச அளவுகோல் இருக்கிறது. அதன்படி: நாடி 2, வியர்வை 2, நிலைகொள்ளாமை 3, கண்மணி விரிவு 1, எலும்பு மூட்டு வலி 2, மூக்கொழுகல் 1, வயிறு 3, நடுக்கம் 1, கொட்டாவி 1, பதற்றம் 2, மயிர்க்கூச்சம் 0. மொத்தம் 18. 5 முதல் 12 வரை லேசானது, 13 முதல் 24 வரை நடுத்தரம், 25 முதல் 36 வரை சற்றுக் கடுமை, அதற்கு மேல் கடுமை.

18 என்பது நடுத்தரம். எதிரே உட்கார்ந்திருந்தவரோ, "இப்படியே இருப்பதற்குச் செத்துப்போகலாம், டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணுக்கும் ஆளுக்கும் இருந்த இந்த இடைவெளியில்தான் இந்த நிகழ்வின் முக்கியப் பாடம் இருக்கிறது. டிராமடால் இரண்டு மருந்துகளின் வேலையை ஒன்றாகச் செய்கிறது. கல்லீரலில் சிவைபி 2டி6 என்ற நொதி அதன் ஒரு பகுதியை எம்1 என்ற பொருளாக மாற்றுகிறது. செல்களில் ஓபியாய்டு வந்து ஒட்டும் இடமான ஏற்பியில் வலுவாக ஒட்டுவது அந்த எம்1தான். மாறாத டிராமடால், மனச்சோர்வு மருந்துகளைப் போல, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரடோனினும் நார்அட்ரினலினும் நரம்பு முனைக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஆகவே திடீரென்று நிறுத்தினால் ஓபியாய்டை நிறுத்திய விளைவும் மனச்சோர்வு மருந்தை நிறுத்திய விளைவும் சேர்ந்தே தாக்கும். கௌஸ் முதல் விளைவை மட்டும் அளக்கிறது. தலைக்குள் மின்சாரம் சுண்டுவதற்கும், ஊறலுக்கும், பீதிக்கும் அதில் தனி மதிப்பெண் கிடையாது.

சாவைப் பற்றிப் பேசியதை யாரும் பேச்சுவாக்கில் வந்தது என்று தள்ளவில்லை. எப்படி என்று யோசித்தாரா, கையில் ஏதும் வைத்திருக்கிறாரா என்று நேராகக் கேட்கப்பட்டது. திட்டம் எதுவும் இல்லை. தூங்கினால் போதும் என்றார். வீட்டிலிருந்த மருந்துகள் அனைத்தும் அன்றே மனைவியின் பொறுப்புக்கு மாறின. ஓபியாய்டைத் திடீரென்று நிறுத்தினால் கடுமையான விடுபடல் அறிகுறிகளும், அடங்காத வலியும், தற்கொலையும்கூட நேரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் எச்சரித்திருக்கிறது. இந்தக் கேள்விகளைக் கேட்கத் தயங்கவே கூடாது.

தவறவிடக் கூடாத வேறு இரண்டையும் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று, செரடோனின் மிகைநிலை. வியர்வை, பேதி, விரிந்த கண்மணி, பதற்றம் ஆகியவை அதிலும் உண்டு. பாதத்தைச் சட்டென மேல்நோக்கி மடக்கிப் பிடித்தால் கணுக்கால் தானாகத் துடிப்பது, தட்டினால் முழங்கால் மிகையாக உதைப்பது, கடும் காய்ச்சல் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். இவருக்கு எதுவும் இல்லை. மற்றொன்று, முதுகிலேயே புதிதாக ஏதும் ஆகியிருக்குமா என்பது. சிறுநீர் அடைப்பு, மலம் கட்டுப்படாமை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், காலில் புதிய பலவீனம், காய்ச்சலோடு முதுகுவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடுபடல் என்று சொல்லிக் காத்திருக்க முடியாது. அவையும் இல்லை. ரத்தச் சர்க்கரை, சோடியம், இ.சி.ஜி. எல்லாம் இயல்பு.

மீண்டும் தொடங்குவதா, கடந்துவிடுவதா?

ஓபியாய்டு பகுதியின் உச்சம் பெரும்பாலும் மூன்றாம் நாளோடு இறங்கத் தொடங்கும். "இவ்வளவு தாங்கிவிட்டார், இன்னும் நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொள்ளட்டும்" என்ற வாதம் எப்போதும் எழும். இதில் ஓரளவு நியாயமும் உண்டு. இவருக்கு அது சரிவராது என்று முடிவெடுத்ததற்கு மூன்று காரணங்கள்: சாவைப் பற்றிய எண்ணம், எத்தனை நாள் நீளும் என்று சொல்ல முடியாத செரடோனின் பகுதி, மூன்றாண்டுப் பழக்கம். பல்லைக் கடித்துக் கடந்தவர்களில் பலர், இரண்டாம் வாரம் தூக்கமில்லாத ஓரிரவில் பழைய அளவு முழுவதையும் ஒரேயடியாக விழுங்குகிறார்கள். அதற்குள் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மூன்று நாள் இடைவெளிக்குப் பிறகு 350க்குத் திரும்பவும் கூடாது. உடனே கரையும் 50 மி.கி. ஒன்று கொடுத்து இரண்டு மணி நேரம் மூச்சும் மயக்கமும் கவனிக்கப்பட்டன. அதன்பின் காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 11 என நான்கு வேளை, வேளைக்கு 50. மொத்தம் 200 மி.கி. பழைய அளவின் பாதிக்குச் சற்று மேல். 36 மணி நேரத்தில் கௌஸ் 6க்கு இறங்கியது. தலைச்சுண்டல் நிற்க நான்கு நாளானது.

மெல்லக் கரையும் மாத்திரையைக் கைவிட்டது வேண்டுமென்றே. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. உடைத்தால் 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் கலக்கும். குறைப்புக்குத் தேவை நடுவில் கோடு போட்ட, பாதியாக உடைக்கக்கூடிய சாதாரண மாத்திரை.

துணை மருந்துகள்

குளோனிடின் 100 மைக்ரோகிராம், எட்டு மணிக்கு ஒருமுறை, நான்கு நாள். ஓபியாய்டு நின்றதும் மூளைத்தண்டில் நார்அட்ரினலின் சுரக்கும் செல்கள் கட்டவிழ்ந்து இயங்குகின்றன. வியர்வை, படபடப்பு, மயிர்க்கூச்சம் எல்லாம் அங்கிருந்து வருபவை. குளோனிடின் அந்தச் செல்களையே அடக்குகிறது. ஒவ்வொரு வேளைக்கும் முன்பு உட்கார்ந்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மேல் அளவு 90க்குக் கீழோ நாடி 50க்குக் கீழோ போனால் அந்த வேளை கிடையாது. நான்காம் நாளுக்குப் பின் இரண்டு வேளை, ஒரு வேளை என்று இறக்கி நிறுத்தினார்கள். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும்.

பேதிக்கு லோபரமைடு: முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு தடவை போனதும் 2 மி.கி., நாளுக்கு 16ஐத் தாண்டாமல். இதுவும் ஒருவகை ஓபியாய்டுதான்; ஆனால் வழக்கமான அளவில் மூளைக்குள் போகாது. விடுபடலைத் தணிக்கலாம் என்று கைநிறைய விழுங்கியவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போயிருக்கிறது. இழந்த நீருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல். எலும்பு வலிக்குப் பாரசிட்டமால் 1 கிராம், நாளுக்கு மூன்று முறை.

கொடுக்காமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். டயசிபாம் போன்ற பென்சோடயசிபின்கள் இல்லை: ஓபியாய்டோடும் ப்ரீகாபலினோடும் சேர்ந்தால் அவை மூச்சை அடக்கும். தூக்கத்துக்கு டிராசோடோன் இல்லை: டிராமடால் உள்ளே இருக்கும்போது செரடோனின் கூடும். தூக்கம் வர வைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகளும் இல்லை. அவை காலுதறலை அதிகமாக்கும். "தூக்க மாத்திரை போட்டும் கால் இன்னும் மோசம்" என்று சொல்பவர்களில் பலர் இதைத்தான் விழுங்கியிருப்பார்கள். காலுதறலுக்காக, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்ததில் 31 இருந்தது. காலுதறல் உள்ளவருக்கு 75க்கு மேல் இருப்பது நல்லது என்பதால் இரும்புச்சத்து தொடங்கப்பட்டது.

ப்ரீகாபலினில் கைவைக்கவில்லை. அதையும் திடீரென நிறுத்தக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் குறைத்தால் எது எதனால் வருகிறது என்றே தெரியாமல் போகும்.

மூச்சடைப்பு நேர்ந்தால் போடுவதற்கு, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மூக்குத்தெளிப்பான் வீட்டில் வைக்கப்பட்டது. மனைவிக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கப்பட்டது. போட்ட கையோடு அவசர உதவியையும் அழைக்க வேண்டும். நலாக்சோனின் வேலை மருந்தைவிட முன்னதாகவே தீர்ந்துவிடலாம். டிராமடால் மிகையில் அது எல்லா விளைவையும் திருப்பிவிடாது, வலிப்பும் வரலாம்.

குறைப்புத் திட்டம்

ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதமோ அதைவிட மெதுவாகவோ குறைப்பது நன்கு தாங்கும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல். 2019 எச்சரிக்கை சொன்னது: இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 10 முதல் 25 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். இவரோ ஏற்கெனவே 350இலிருந்து 200க்கு ஒரே தாவாக வந்து நின்றவர். அதனால் முதல் இரண்டு வாரம் 200இலேயே நிறுத்தி வைத்தோம்.

பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 மி.கி. வீதம் குறைப்பு. முதல் வெட்டு பகல் வேளையில்: 50, 25, 50, 50. அடுத்தது மாலை: 50, 25, 25, 50. பிறகு காலை. இரவு வேளை கடைசிவரை தொடப்படவில்லை. தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லாமே வலியாகத் தெரியும். வேளையை முழுதாக விட்டுவிட்டு இடைவெளியை நீட்டுவது பலர் செய்யும் தவறு. டிராமடாலின் அரையாயுள், அதாவது உடலிலுள்ள மருந்து பாதியாகும் நேரம், சுமார் 6 மணி. இடைவெளி 12 மணி நேரமானால் ஒவ்வொரு நாளும் ஒரு குட்டி விடுபடல் வந்துபோகும்.

தினமும் எழுத வேண்டியவை நான்கே: மருந்து எடுத்த நேரம், காலை மாலை வலி எண், தூங்கிய மணி நேரம், நடந்த நிமிடம். அதற்கு மேல் எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள். எழுதுகிறவர்களும் நாளெல்லாம் வலியையே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த நாட்குறிப்பு மூன்றாம் வாரமே ஒன்றைக் காட்டியது. வலி உச்சத்துக்குப் போன நேரங்கள் காலை 5, பகல் 11:30, மாலை 5:30. உட்கார்ந்திருந்த நேரத்தோடு பொருந்தவில்லை, குனிந்து தூக்கியதோடும் பொருந்தவில்லை. அடுத்த வேளைக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால். அப்போதெல்லாம் கொட்டாவியும் உள்ளங்கை ஈரமும் கூடவே இருந்தன. மூன்று ஆண்டுகளாக "இடையில் வலித்தால்" என்று போட்டுக்கொண்ட கேப்சூல்களில் பல, முதுகுக்காக இல்லாமல் முந்தைய கேப்சூல் இறங்கியதற்காகப் போடப்பட்டவை.

முதுகின் வலியையும் விடுபடல் வலியையும் பிரித்தறிய இதைவிடத் துல்லியமான கருவி நம்மிடம் இல்லை. முதுகின் வலி அசைவோடு மாறும், ஓரிடத்தில் இருக்கும், உட்காரும் நிலையை மாற்றினால் கூடவோ குறையவோ செய்யும். விடுபடல் வலி கடிகாரத்தோடு மாறும். தொடை, தோள், தாடை என்று பரவும். படுத்தாலும் நின்றாலும் ஒன்றுதான். அளவைக் குறைத்த மூன்று நான்கு நாளில் ஏறி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக இறங்கும். இறங்கும் என்று தெரிந்தவர் காத்திருப்பார். தெரியாதவர் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அடுத்த கேப்சூலை எடுப்பார்.

முதுகுக்கான பயிற்சி வலியை வைத்து வகுக்கப்படவில்லை, நேரத்தை வைத்து வகுக்கப்பட்டது. அவரால் முடிந்த 12 நிமிடத்தில் இரண்டு குறைத்து, 10 நிமிட நடை, நாளுக்கு மூன்று முறை. வாரத்துக்கு 2 நிமிடம் கூடும். நன்றாக இருக்கும் நாளிலும் அதற்கு மேல் கிடையாது, வலிக்கும் நாளிலும் அதற்குக் கீழே கிடையாது. நல்ல நாளில் 40 நிமிடம் நடந்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கொள்வதுதான் அதுவரை அவர் வழக்கமாக இருந்தது. மருந்தைக் குறைக்கும் வாரத்தில் மட்டும் நடையைக் கூட்டவில்லை.

எட்டாம் வாரம்: நடுவில் வந்த மாத்திரை

ஏழாம் வாரம் 125க்கு இறங்கி ஐந்து நாள் நன்றாகப் போனது. எட்டாம் வாரம் திடீரென்று கொட்டாவி, பேதி, காலுதறல், கூடவே கைநடுக்கம். அளவு மாறவில்லை. வேளை தவறவில்லை. மாத்திரைகளை எண்ணிப் பார்த்தும் கணக்கு சரியாக இருந்தது.

வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொன்னபோது காரணம் தெரிந்தது. மனம் சோர்ந்திருக்கிறது என்று வேறோர் இடத்தில் காட்டி, பரோக்ஸிடின் 20 மி.கி. வாங்கி ஐந்து நாளாக எடுத்திருக்கிறார். டிராமடாலை எம்1ஆக மாற்றும் சிவைபி 2டி6 நொதியைப் பரோக்ஸிடின் பலமாகத் தடுக்கும். எம்1 குறைந்ததால், அதே 125 மி.கி. சாப்பிட்டும் ஓபியாய்டு விடுபடல் வந்தது. மாற்றப்படாத டிராமடால் தேங்கி, பரோக்ஸிடினோடு சேர்ந்து செரடோனினை ஏற்றியது, நடுக்கம் அதனால். வலிப்பு வரும் ஆபத்தும் இந்தச் சேர்க்கையில் கூடும். ஃபுளுவாக்ஸிடின், பியுப்ரோபியான் ஆகிய மனச்சோர்வு மருந்துகளும் இந்த நொதியைப் பலமாகத் தடுப்பவை, டுலாக்ஸிடின் ஓரளவு. முதுகுவலிக்கே டுலாக்ஸிடின் எழுதப்படுவதால் இது அரிதாக நேர்வதல்ல.

கணுக்கால் துடிப்பு இல்லை என்று உறுதிசெய்து பரோக்ஸிடின் நிறுத்தப்பட்டது. ஐந்து நாள்தான் என்பதால் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கவில்லை. நொதி மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்போது எம்1 ஏறும். தூக்கக் கலக்கம் வருகிறதா என்று ஒரு வாரம் கவனிக்கச் சொல்லப்பட்டது. 125இலேயே மொத்தம் நான்கு வாரம் நின்றது. பின்வாங்கவில்லை, முன்னேறவும் இல்லை. குறைப்பில் நிற்பது தோல்வியல்ல என்பதை அவருக்குச் சொல்ல ஒரு முழுச் சந்திப்பே தேவைப்பட்டது. அந்த நேரம் வீண்போகவில்லை. மனச்சோர்வு வாரந்தோறும் தனியாக மதிப்பிடப்பட்டு, பேச்சு சிகிச்சை தொடங்கியது.

100க்குக் கீழே

11ஆம் வாரம் 100. மூன்று வாரத்துக்குப் பின் மாத்திரையிலிருந்து திரவத்துக்கு மாற்றம்: 1 மி.லி.யில் 10 மி.கி. உள்ள கரைசல், 1 மி.லி. வாய்வழி சிரிஞ்சு. ஓர் எச்சரிக்கை உயிர் காக்கக்கூடியது. டிராமடால் சொட்டு மருந்தாக 1 மி.லி.க்கு 100 மி.கி. செறிவிலும் வருகிறது. இரண்டும் தெளிந்த திரவம். மாற்றி அளந்தால் பத்து மடங்கு உள்ளே போகும். குப்பியின் மேல் எழுதியிருக்கும் செறிவை ஒவ்வொரு புதுக் குப்பிக்கும் இருவர் படித்துப் பார்க்க வேண்டும். அளவை மி.கி.யிலும் மி.லி.யிலும் சேர்த்தே எழுத வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. குறைப்பு: 90, 80, 70, 60, 50. பத்து வாரமும் கிட்டத்தட்ட அமைதியாகப் போயின. இதில் எழுத அதிகமில்லை. நடை 26 நிமிடமானது. வலி எண் 5க்கும் 6க்கும் இடையில்.

24ஆம் வாரம் 40. ஒரு வார இறுதியில், "40 எல்லாம் ஒரு அளவா" என்று அவராகவே முழுதும் நிறுத்திவிட்டார். 350 சாப்பிட்டவருக்கு 40 சின்னதாகத் தெரிவது இயல்புதான். இரண்டாம் நாள் தலைச்சுண்டல், காரணமில்லாத அழுகை, இரவெல்லாம் நடை. கௌஸ் 7 மட்டுமே.

குறைந்த அளவுகளில் மருந்துக்கும் விளைவுக்கும் உள்ள உறவு நேர்கோடாக இருக்காது. உயர்ந்த அளவில் ஏற்பிகள் பெரும்பாலும் நிரம்பியிருக்கும், 25 மி.கி. குறைந்தாலும் சிறிதளவே காலியாகும். கீழே வரவர அதே 10 மி.கி. பெரும்பங்கைக் காலிசெய்யும். 200இலிருந்து 175க்கு இறங்கியது 12.5 சதவீதம், 40இலிருந்து பூஜ்யத்துக்கு 100 சதவீதம். கடைசி 50 மி.கி.யில்தான் பெரும்பாலான குறைப்புகள் உடைகின்றன. மருத்துவர்களும் அந்த இடத்தில்தான் "இனி நிறுத்திவிடலாம்" என்று அவசரப்படுகிறார்கள்.

இரண்டே நாள் இடைவெளி, அளவும் சிறியது என்பதால் 40க்கே திரும்பினார். அங்கு மொத்தம் நான்கு வாரம். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு படி: 30, 20, 15, 10, 5. 15க்கு வந்தபின் மூன்று வேளை, வேளைக்கு அரை மி.லி.; 10க்கு இரண்டு வேளை; 5 இரவில் மட்டும். 38ஆம் வாரம் நின்றது.

நிறுத்திய பின்

நான்காம் நாள் கௌஸ் 5. தலைச்சுண்டல் லேசாகப் பத்து நாள். தூக்கம்தான் நீண்ட காலம் பிடித்தது: முதல் மூன்று வாரம் நாலரை மணி நேரம், ஏழாம் வாரம் ஆறரை. எழும் நேரம் தினமும் காலை 6 என்று கட்டாயமாக வைக்கப்பட்டது. பகல் தூக்கம் கிடையாது. 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும். காலுதறலுக்குப் படுக்கும் முன் வெந்நீர்க் குளியலும் கெண்டைக்கால் நீட்டலும் கைகொடுத்தன. ஃபெரிட்டின் 80ஐத் தொட்டபோது அதுவும் அடங்கியது. எதிலும் பிடிப்பில்லாத வெறுமை மூன்றாம் மாதம்வரை அவ்வப்போது வந்துபோனது. வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால், வந்தபோது அவர் மருந்தைத் தேடவில்லை, தொலைபேசியில் அழைத்தார்.

வலி போகவில்லை. 50ஆம் வாரம் எண் 4 முதல் 5 வரை. 350 மி.கி.யில் 6 முதல் 7 வரை இருந்தது. ஓபியாய்டே வலியுணர்வைக் கூர்மையாக்குவதும் உண்டு, வேளைக்கு வேளை வந்த விடுபடலும் உண்டு; இவருக்கு எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நடை 45 நிமிடம். கடும் வலி நாளில் வெந்நீர் ஒத்தடமும், உணவுக்குப் பின் நாப்ராக்சன் 250 மி.கி. ஒன்றிரண்டு நாளும் போதுமாக இருக்கிறது.

மிஞ்சிய கரைசலும் பழைய கேப்சூல்களும் மருந்தகத்தில் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: ஓபியாய்டு தாங்குதிறன் இல்லை, எதிர்காலத்தில் அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ நேர்ந்தால் புதிதாகத் தொடங்குபவருக்கான அளவே கொடுக்க வேண்டும், பழைய சீட்டைப் பார்த்து 350 கொடுக்கக் கூடாது. அந்த வாரமே ப்ரீகாபலினின் முதல் படி தொடங்கியது: 75இலிருந்து 50, நான்கு வாரத்துக்கு.